முதல் அறுவடை மண்ணுக்குத்தான்

ஆசிரியருக்கு,

தரிசு நிலத்தில் கூட்டுறவுப் பண்ணை தொடங்குவோர் முதலாண்டிலேயே விளைச்சல் கணக்குப் போடுவதைப் பார்த்தால் கவலையாக இருக்கிறது. செத்த மண் அவசரத்துக்கு மசியாது.

கொலம்பியாவின் கிழக்குச் சமவெளியில் 1971-இல் பாவ்லோ லுகாரி தொடங்கிய காவியோதாஸ் குடியிருப்பை எண்ணிப் பார்க்கலாம். அமிலமும் அலுமினியமும் மிகுந்த அந்த மண்ணில் பயிர்கள் தேறவில்லை. வேரோடு கூடி வாழும் பூஞ்சையைச் சேர்த்துக் கரீபியன் பைன் கன்றுகளை நட்டார்கள், அவை பிழைத்தன. சுமார் 8,000 ஹெக்டேரில் வளர்ந்த அந்த மரங்களின் பிசின் வருமானம் தந்தது. அவற்றின் நிழலில், யாரும் விதைக்காத உள்ளூர்ச் செடிகள் தாமாகவே முளைத்தன. எனக்குப் பிடித்தது இந்தக் கடைசிச் செய்திதான்.

வறண்ட நிலத்துக்கு வேறு வழி. மேற்கு ஆப்பிரிக்க நாடான புர்கினா ஃபாசோவின் விவசாயிகள் கோடையிலேயே சிறு குழிகள் தோண்டி எருவிடுகிறார்கள். எருவைத் தேடி வரும் கரையான் இறுகிய மண்ணைத் துளைக்கிறது, முதல் மழை அங்கேயே இறங்குகிறது. கரையானை எதிரியாகவே பார்த்துப் பழகிய நமக்கு இது வியப்புத்தான்!

ஆனால் கூட்டுறவுகள் பலவும் மண்ணால் உடைவதில்லை. யார் எத்தனை நாள் உழைத்தார்கள் என்ற தகராறில் உடைகின்றன. ஆளுக்கு ஒரு வாக்கு என்ற கூட்டுறவு விதி மட்டும் போதாது. உழைப்புக் கணக்கேடு, விலகுவோருக்கு எவ்வளவு, எப்போது தருவது என்ற விதி ஆகிய இரண்டையும் முதல் கன்று நடுவதற்கு முன்பே எழுதிக் கையெழுத்திட்டுவிட வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்