தாத்தா தலையில் ஒட்டிய பஞ்சு

பெரம்பூர், சென்னை

அன்புள்ள தம்பிக்கு,

மான்செஸ்டரிலிருந்து நீ அனுப்பிய படம் வந்தது. செங்கல் சுவர், வரிசையாக உயரமான ஜன்னல்கள். பழைய நூற்பாலையாம், இப்போது அதற்குள் குடித்தனங்களாம், அதிலொன்றில் நீயும் வாடகைக்குப் போகிறாயாம். அங்கே தண்ணீர் எத்தனை மணிக்கு வரும் என்று அம்மா கேட்டாள். எனக்குப் பாபநாசம் மலையடிவாரத்து நம் விக்கிரமசிங்கபுரம் நூற்பாலை ஞாபகம் வந்துவிட்டது.

"மலையடிவாரத்துல போய் யாராவது மில் கட்டுவாங்களாப்பா?" என்று சின்ன வயதில் கேட்டாய். ஏதோ சொல்லி மழுப்பினேன். பதில் அம்மா கேட்ட அதே தண்ணீர்தான்.

நம் பக்கம் நிலக்கரி கிடையாது. நீராவி எஞ்சின் ஓட்டுவதென்றால் கரியைக் கப்பலில் வரவழைத்து, அங்கிருந்து உள்ளூருக்குச் சுமக்க வேண்டும். தூத்துக்குடியில் பஞ்சு வியாபாரம் செய்த ஹார்வி சகோதரர்கள், ஆண்ட்ரூவும் ஃபிராங்க்கும், கணக்குப் பார்க்கத் தெரிந்த ஸ்காட்லாந்துக்காரர்கள். பாபநாசத்தில் தாமிரபரணி மலையிலிருந்து இறங்குகிற வேகத்தையே எஞ்சினாக்கிக்கொண்டார்கள். விழுகிற தண்ணீர் டர்பைனைச் சுற்ற, அந்தச் சுற்றில் ஆலைக்குள் நூல் நூற்கும் கதிர்கள் சுற்றின. வேலை முடிந்த தண்ணீர் திரும்ப ஆற்றுக்கே. 1880-களின் நடுவில் ஆலை ஓட ஆரம்பித்தது. பருத்திக்குக் கரிசல் காடு இருந்தது. ஆனால் பக்கத்து ஊரான அம்பாசமுத்திரத்துக்கு ரயில் வந்ததே 1900-க்கு அப்புறம்தான். அதுவரை மாட்டுவண்டி.

அப்பா வெள்ளைக்காரனைப் புகழ்கிறார் என்று நினைக்காதே. அவர்களே தூத்துக்குடியில் கட்டிய கோரல் மில்லில் 1908 பிப்ரவரி 27-ஆம் தேதி தொழிலாளர்கள் வேலையை நிறுத்தினார்கள். கூலியை உயர்த்து, வாரத்தில் ஒருநாள் லீவு கொடு என்றார்கள். ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இருப்பதற்குக்கூடப் போராட வேண்டியிருந்தது, பார். வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் முன்னால் நின்றார்கள். நிர்வாகம் இறங்கிவந்தது, கூலி ஏறியது. மார்ச் 12-ஆம் தேதி இருவரையும் கைது செய்துவிட்டார்கள். கப்பல் ஓட்டியதை எல்லோரும் சொல்கிறார்கள், இதைச் சொல்கிறவர்கள் குறைவு.

இங்கே பெரம்பூரில் பின்னி மில்காரர்கள் 1918-லேயே சங்கம் கட்டியவர்கள். அந்த மில்லை 1990-களில் மூடிவிட்டார்கள். அந்த இடத்திலும் அடுக்குமாடிதான், ஆனால் பழைய சுவரை விட்டுவைக்கவில்லை.

தாத்தா விக்கிரமசிங்கபுரம் மில்லில் வேலைக்குச் சேர்ந்தபோது மின்சாரம் வந்துவிட்டது. ரிங் ஃப்ரேம் என்கிற நூற்கும் மெஷினில் நின்றார். சங்கு ஊதிக் கொஞ்ச நேரத்தில் தெருமுனையில் தெரிவார். தலை, புருவம், காது மடல் முடி எல்லாம் பஞ்சு. நரைத்துப்போன மனிதர் மாதிரி வந்து திண்ணையில் உட்காருவார். ஆச்சி துண்டால் தலையைத் தட்டுவாள், அவருக்கு ஒவ்வொரு தட்டுக்கும் வயது குறையும். நான் எதிரே உட்கார்ந்து பார்ப்பேன். உண்மையிலேயே நரைத்தபோது, எனக்கு ரொம்ப நாள் அது பஞ்சாகவே தெரிந்தது. மெதுவாகப் பேச அவருக்குக் கடைசிவரை வரவில்லை. மெஷின் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகிய தொண்டை. உன் காதில் ரகசியம் சொல்கிறேன் என்று தெருவுக்கே சொல்வார்.

உன் வீட்டில் மரத்தரை என்றால் ஒருநாள் குனிந்து மோந்து பார், பழைய மில் எண்ணெய் வாடை இன்னும் இருக்கிறதா என்று. தாத்தாவின் காக்கிச் சட்டையில் ஒரு எண்ணெய் வாடை இருக்கும், உனக்கு ஞாபகம் இருக்கும்.

அம்மா பக்கத்தில் நின்று மறுபடி தண்ணீரைப் பற்றிக் கேட்கிறாள். அதற்கு மட்டும் உடனே பதில் போடு.

அன்புடன்,
அப்பா