வாழ்த்துச் சொல்ல ஏன் தயங்க வேண்டும்?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

சித்திரை முதல் நாள் காலையில் எதிர்வீட்டுக்காரரிடம் "புத்தாண்டு வாழ்த்துகள்" என்றேன். ஒரு கணம் யோசித்துவிட்டு, "சித்திரைத் திருநாள் வாழ்த்துகள்" என்றார். நல்ல மனிதர், நெடுநாள் பழக்கம். புத்தாண்டு தையிலா சித்திரையிலா என்ற விவாதம் தந்த அந்த ஒரு கணத் தயக்கம்தான் மனதை உறுத்துகிறது.

2008-இல் தை முதல் நாளே தமிழ்ப் புத்தாண்டு என்று சட்டம் வந்தது. 2011-இல் அது நீக்கப்பட்டு, மறுபடியும் சித்திரை ஆயிற்று. பிரபவ முதல் அட்சய வரை அறுபது ஆண்டுகளுக்கும் வடமொழிப் பெயர்கள் என்று வருந்துவோரின் மனம் எனக்குப் புரிகிறது. நானே கடிதங்களில் திருவள்ளுவர் ஆண்டுதான் எழுதுகிறேன்.

ஆனால் எங்கள் நெல்லைப் பக்கத்தில் சித்திரை விசு எந்தச் சட்டத்தையும் கேட்டு வந்ததில்லை. முந்தின இரவே அம்மா தாம்பாளத்தில் கண்ணாடி, மாம்பழம், கொன்றைப்பூ, நகை, சில்லறைக் காசு எல்லாம் எடுத்து வைத்துவிடுவாள். விடியலில் எங்கள் கண்ணைப் பொத்திக் கூட்டிப்போய் அதன்முன் திறக்கச் சொல்வாள். இதைத்தான் கனி காண்பது என்போம். மத்தியானம் மாங்காயும் வெல்லமும் வேப்பம்பூவும் சேர்ந்த பச்சடி. அம்மா போய்விட்டாள், தாம்பாளம் இன்னும் வீட்டில் இருக்கிறது.

ஆண்டுதோறும் தையா சித்திரையா என்ற விவாதத்தை வெளியிடுகிறீர்கள். அடுத்த முறை, எந்த ஊரில் எப்படிக் கனி காண்கிறார்கள் என்று வாசகர்களிடம் கேட்டு, அதற்கும் அரைப் பக்கம் ஒதுக்குங்கள். தைப் பொங்கலுக்கும் அப்படியே செய்யலாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
அம்பாசமுத்திரம்.