குடும்பத்தோடு பார்க்க முடியாத படங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

உங்கள் நாளிதழ் என்றில்லை, தமிழில் எந்தப் பட விமர்சனத்தை எடுத்தாலும் கடைசிப் பத்தியில் ஒரு வரி வந்துவிடுகிறது: 'குடும்பத்துடன் பார்க்க முடியாது.' சோற்றில் கல் கிடந்ததைச் சொல்வது மாதிரி சொல்கிறார்கள். எனக்கோ அந்த வரியைப் படித்தால்தான் டிக்கெட் வாங்கலாம் என்று தோன்றும். யாருக்கு என்ன வயதில் பொருந்தும் என்பதற்கு இங்கே சிங்கப்பூரில் 1991லிருந்தே தரம் பிரிக்கும் முறை இருக்கிறது. என்சி16, எம்18, ஆர்21 என்று, எத்தனை வயது ஆனவர்கள் பார்க்கலாம் என்பதைச் சுவரொட்டியிலேயே போட்டுவிடுகிறார்கள். அதற்கு மேல் விமர்சகரும் ஒரு மாமாவைப் போல எச்சரிக்க வேண்டுமா?

வேலையிடத்தில் நண்பர்கள் பாதி விளையாட்டாகக் கேட்பதுண்டு, எப்போது பார்த்தாலும் கொலை, சிறை, சித்திரவதை என்றே பார்க்கிறாயே, வீட்டில் ஏதும் பிரச்சினையா என்று. ஒரு பிரச்சினையும் இல்லை. ரத்தம் பார்க்கிற ஆசையும் இல்லை. பேய்ப் படங்கள் பக்கமே போகமாட்டேன், திடீரென்று சத்தம் போட்டால் யாருக்குத்தான் தூக்கிவாரிப் போடாது, அதில் என்ன கலை இருக்கிறது?

அதேபோல நம் ஆட்கள் ஆகா ஓகோ என்று கொண்டாடும் சைக்கோ கொலைகாரன் படங்களிலும் எனக்கு ஒரு மனக்குறை. 'சிகப்பு ரோஜாக்கள்' (1978), 'மூடுபனி' (1980), அப்புறம் நாற்பது வருடம் தள்ளி 'ராட்சசன்' (2018), எதை எடுத்தாலும் கொலைகாரனின் சின்ன வயதுக்கு ஒரு பிளாஷ்பேக் வந்தே தீரும். முதல் இரண்டிலும் அந்தக் கதை கடைசியில் ஏதோ ஒரு பெண்ணின் தலையில்தான் பழியைக் கொண்டுபோய் வைக்கிறது. 'மூடுபனி'யில் பாலு மகேந்திராவின் கேமராவும் இளையராஜாவின் இசையும் சேர்ந்து கட்டி வைத்திருக்கும் பயம் இருக்கிறதே, அது இன்றைக்கும் அசைக்க முடியாதது, அதில் சந்தேகமில்லை. ஆனால் காரணம் சொன்னதும் நமக்கு நிம்மதி வந்துவிடுகிறது. அவன் வேறு ஜாதி மனிதன், நாம் அப்படியில்லை என்று கையைக் கழுவிக்கொண்டு எம்ஆர்டி ரயிலில் ஏறிவிடலாம்.

எனக்குப் பிடித்தது அந்த நிம்மதியைத் தராத படங்கள். வீணை எஸ். பாலசந்தர் இயக்கிய 'அந்த நாள்' 1954ல் வந்தது. பாட்டு கிடையாது, நடனம் கிடையாது, சிவாஜி கணேசன் படம் தொடங்கியதுமே குண்டடி பட்டு விழுந்துவிடுகிறார். ஜப்பானியர் சென்னையில் குண்டு போட்டதற்கு மறுநாள் காலை நடக்கும் கொலை அது. 1942லிருந்து 1945 வரை அதே ஜப்பானியரின் கீழ் இருந்த ஊர்க்காரர்களான நமக்கு இந்தக் கதை சென்னைக்காரர்களைவிட ஒரு பிடி கூடுதலாகவே உறைக்கும் என்று நினைக்கிறேன். செத்தவன் எதிரிக்கு ரகசியம் விற்றவன். ஆனால் அவன் அரக்கன் இல்லை; மூளையுள்ளவன், ஏழைகளும் வாங்கும்படி மலிவான ரேடியோ செய்ய நினைத்தவன், யாரும் கைகொடுக்காததால் கசந்துபோனவன். அந்தக் கசப்பு எந்த இடத்தில் துரோகமாக மாறுகிறது என்று கோடு கிழிக்க முடியாமல் தவிக்க வைக்கிறது படம். கொன்றது யார் என்று சொல்லமாட்டேன். எழுபது வருடப் படமானாலும் பார்க்காதவர்கள் இருக்கிறார்கள்.

'விசாரணை'யைப் பற்றிக் கொஞ்சம் நீட்டித்தான் சொல்ல வேண்டும். குண்டூரில் பிழைக்கப் போன நான்கு தமிழ் இளைஞர்கள், வாடகையை மிச்சம் பிடிக்கப் பூங்காவில் படுத்துத் தூங்குகிறவர்கள், செய்யாத திருட்டை ஒப்புக்கொள்ளச் சொல்லிப் போலீஸ் அடிக்கிறது. அடிப்பவர்களுக்கு அவர்கள்மேல் தனிப்பட்ட கோபமே இல்லை, அதுதான் என்னைப் போட்டு உலுக்கியது. மேலிடத்திலிருந்து நெருக்குகிறார்கள், கேஸை முடிக்க ஆள் வேண்டும், மொழி தெரியாத ஆள் கிடைத்தால் இன்னும் வசதி, அவ்வளவுதான். கோவையில் ஆட்டோ ஓட்டிய மு. சந்திரகுமார் தான் பட்டதை வைத்தே எழுதிய 'லாக்கப்' நாவலைத்தான் வெற்றிமாறன் படமாக்கினார், 2015ல் வெனிஸ் திரைப்பட விழாவுக்கும் போனது. படத்தின் பின்பாதி இன்னும் மோசம்: காப்பாற்றிக் கூட்டிவந்த தமிழ்நாட்டு இன்ஸ்பெக்டர் நல்லவர்தான், ஆனால் அவரும் அதே இயந்திரத்தில் ஒரு பல்சக்கரம். பார்த்து முடித்த வாரத்தின் ஞாயிற்றுக்கிழமை லிட்டில் இந்தியாவின் தேக்காவில் கூட்டம் கூட்டமாக நின்று ஊருக்குப் போனில் பேசிக்கொண்டிருந்த, இங்கே வேலைக்கு வந்த தம்பிகளைக் கடந்து போனபோது, மொழி தெரியாத இடத்தில் ஒரு மனிதன் எவ்வளவு சுலபமாக மாட்டிக்கொள்ள முடியும் என்ற நினைப்புதான் ஓடியது. எந்தப் பேய்ப் படமும் எனக்கு இதைச் செய்ததில்லை.

நம் ஊர்ப் படங்களில் பூ ஜுன்ஃபெங்கின் 'அப்ரெண்டிஸ்' (2016) இதே ரகம். மலாய் மொழிப் படம். தூக்குப் போடும் அதிகாரியிடம் வேலை பழகுகிறான் ஓர் இளைஞன், அவனுடைய அப்பாவைத் தூக்கிலிட்டவரே அவர்தான். கயிற்றின் நீளத்தைக் கணக்குப் போடுவதை அந்தப் பெரியவர் அவ்வளவு பொறுமையாகச் சொல்லித்தருகிறார், நல்ல வாத்தியார் என்றே தோன்றிவிடும். எல்லாம் ஒழுங்காக, நேரத்துக்கு நடக்கும் ஊரில் வாழ்கிறவர்களுக்கு ஒழுங்கையே பார்த்துப் பயப்பட வைக்கும் படம் தேவைதான் என்பது என் கட்சி.

குடும்பம் குடும்பம் என்பவர்களுக்கு ஒன்று ஞாபகப்படுத்துகிறேன். 'மகாநதி' 1994 பொங்கலுக்கு வந்த படம். காணாமல் போன மகளை அப்பா கொல்கத்தாவில் பாலியல் தொழில் நடக்கும் சோனாகாச்சியிலிருந்து மீட்டு வருகிறார், அப்புறம் அவள் தூக்கத்தில் பிதற்றுவதைக் கேட்க நேர்கிறது. பெண் குழந்தை உள்ள வீட்டில் அதைவிட இருண்ட காட்சி ஏது? இருந்தும் குடும்பங்கள்தான் அழுதுகொண்டே பார்த்தன.

கடைசியாக, இந்தக் கடிதத்தை எழுத வைத்த விஷயம். எரிக் கூ எடுத்த 'மை மேஜிக்' 2008ல் கான் திரைப்பட விழாவின் முதன்மைப் போட்டிக்குத் தேர்வானது. அந்தப் போட்டிக்குப் போன முதல் சிங்கப்பூர்ப் படமே அதுதான், அதில் பேசப்படுவது பெரும்பாலும் தமிழ். நிஜ வாழ்க்கையிலும் மந்திரவித்தைக்காரரான போஸ்கோ பிரான்சிஸ், குடியில் அழிந்துபோன வித்தைக்காரராக வருகிறார். கண்ணாடியை மெல்கிறார், நெருப்பை விழுங்குகிறார், மகனுக்காகக் காசு சேர்க்க அடுத்தவன் வேடிக்கை பார்க்கத் தன் உடம்பை வதைக்கக் கொடுக்கிறார். பல இடங்களில் கண்ணை மூடிக்கொள்ளத் தோன்றும், ஆனால் அந்தப் பையன் அப்பாவைப் பார்க்கும் பார்வை மூட விடாது. இங்கே என் வயதுத் தமிழர்களிடம் கேட்டால் பத்துக்கு ஒருவர்கூடப் பார்த்திருப்பாரா என்பது சந்தேகம்தான். சென்னையில் ஒரு நடிகரின் டீசர் வந்தால் அன்றே நமக்குத் தெரிந்துவிடுகிறது!

ஆகவே ஆசிரியர் அவர்களே, கோரிக்கை இரண்டு. விமர்சனத்தில் அந்தக் குடும்ப வரியைக் கொஞ்ச நாள் விட்டுப் பாருங்கள், அதற்குப் பதில் படம் எதைத் தொந்தரவு செய்கிறது, எப்படிச் செய்கிறது என்று எழுதட்டும். இன்னொன்று, 'மை மேஜிக்' பற்றி ஒரு முழுப்பக்கம் போடுங்கள், அதைப் பார்த்தாவது ஏதாவது ஒரு தமிழ் அமைப்பு உரிமை வாங்கி ஒரு சனிக்கிழமை மாலை திரையிட முன்வரட்டும். நாற்காலி எடுத்துப் போட ஆள் தேவைப்பட்டால் நான் வருகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், உட்லண்ட்ஸ்