தயங்குவது பெண்கள் அல்ல

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு, வணக்கம்.

அரசுக் கடன் திட்டங்கள் இத்தனை இருந்தும் பெண்கள்தான் தொழில் தொடங்கத் தயங்குகிறார்கள் என்று சென்ற வார இதழில் ஒரு வரி வந்திருந்தது. அதைப் படித்ததிலிருந்து மனம் ஆறவில்லை. 1989இல் தருமபுரியில் சுய உதவிக் குழுக்கள் தொடங்கிய காலத்திலிருந்து சந்தா கட்டி, தீர்மானப் புத்தகம் எழுதி, வாங்கிய கடனைத் தவணை தவறாமல் அடைத்து வருகிறவர்களைப் பற்றியா இப்படி எழுதுவது?

தயக்கம் எந்த மேசையில் இருக்கிறது என்பது தாங்கள் அறியாததல்ல. குறு, சிறு தொழில்களுக்கு 10 லட்சம் ரூபாய் வரையிலான கடனுக்குச் சொத்து ஈடு வாங்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2010லேயே சொல்லிவிட்டது. 2015இல் வந்த முத்ரா என்ற மத்திய அரசின் சிறுதொழில் கடன் திட்டத்துக்கும் ஈடு கிடையாது. ஆனாலும் வங்கிக் கிளைக்குப் போகும் பெண்ணிடம் வீட்டுப் பத்திரத்தைக் கேட்கிறார்கள். அது பெரும்பாலும் மாமனார் பெயரில் இருக்கும். "இல்லை" என்பதையும் வாயால் சொல்லியே அனுப்புகிறார்கள். விண்ணப்பத்துக்கு ஒப்புகைச் சீட்டும், மறுத்தால் காரணத்தை எழுத்திலும் கேட்டு வாங்க வேண்டும் என்று தங்கள் கட்டுரை ஒரு வரி சொல்லியிருக்கலாம்.

கடன் கிடைத்தாலும் பாதிதான் கிடைக்கிறது. மிளகாய்த்தூள் தொழிலையே எடுத்துக்கொள்ளுங்கள். முத்ராவில் மிகச் சிறிய கடனான சிசு பிரிவு 50,000 ரூபாய் வரை. அரவை மிஷினுக்குக் கொட்டேஷன் கொடுத்தால் பணம் நேரே மிஷின் விற்பவர் கணக்குக்குப் போய்விடும். வத்தல், மல்லி வாங்க எதுவும் மிஞ்சாது. வாரம் 10,000 ரூபாய்க்குச் சரக்குப் போட்டால் கடைக்காரர் 30 நாள் கழித்துத்தான் பணம் தருவார். நாலு வாரத்தில் 40,000 ரூபாய் வெளியே நிற்கும். ஐந்தாம் வாரத்து வத்தலுக்கு நுண்கடன்தான் வழி. அதன் தவணையோ வாராவாரம். கடைப் பணம் மாதம் ஒருமுறை. தொழில் நொடிப்பது இந்த இடைவெளியில்தான், தைரியம் இல்லாமல் அல்ல. மிஷின் கடனோடு சரக்குக்கான நடைமுறை மூலதனத்தையும் ஒரே விண்ணப்பத்தில், கணக்குப் போட்டுக் கேட்க வேண்டும். இதைச் சொல்லித்தர ஆளில்லை.

கடைக்காரர் தர வேண்டிய பணத்துக்கும் சட்டம் உண்டு. 2006ஆம் ஆண்டுச் சட்டப்படி, உத்யம் எனப்படும் அரசுத் தொழில் பதிவு உள்ள குறு, சிறு உற்பத்தியாளருக்கு 45 நாளுக்குள் பணம் தந்தாக வேண்டும். அந்தப் பதிவு இணையத்தில் முழுக்க இலவசம். அதற்கே பெண்களிடம் பணம் வாங்கும் இடைத்தரகர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். அவர்களைப் பற்றித் தங்கள் இதழில் ஒரு வரியும் வந்ததில்லை.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். மகளிர் தினத்துக்கு மட்டும் கண்காட்சிப் படம், சமையல் குறிப்புக்குக் கீழே ஒரு வெற்றிக் கதை என்று எத்தனை வருடம்? பாக்கிங் அழகாக இருந்தால் விற்கும் என்றும் எழுதியிருக்கிறீர்கள். அரைத்த சூட்டோடு அடைத்தால் பைக்குள் வேர்த்து, தூள் கட்டி தட்டும், பூசணம் பிடிக்கும். தாம்பாளத்தில் பரப்பி நன்றாக ஆறவிட்டுச் சலித்த பிறகே அடைக்க வேண்டும். உணவுப் பாதுகாப்புப் பதிவு எண், நிகர எடை, தயாரித்த தேதி, பேட்ச் எண், அதிகபட்ச விலை ஆகியவற்றில் ஒன்று விட்டுப்போனாலும் சரக்கு திரும்பி வரும். அச்சடித்த பைகளை ஆயிரக்கணக்கில் வாங்கித்தான் ஆக வேண்டும் என்பதால், தொடங்குகிறவர்கள் வெற்றுப் பையில் லேபிள் ஒட்டுவதே நல்லது. இப்படிப்பட்ட விவரங்களுக்காகத்தான் பெண்கள் பத்திரிகையைப் புரட்டுகிறார்கள்.

தாங்கள் மறுப்பு வெளியிட வேண்டும் என்று கேட்கவில்லை. 10 லட்சம் வரை ஈடு கேட்கக் கூடாது, உத்யம் பதிவுக்குக் கட்டணம் இல்லை என்ற இரண்டு செய்திகளையும் மகளிர் பக்கத்தில் கட்டம் கட்டி, நாலு வாரம் தொடர்ந்து போடுங்கள். வங்கிக்குப் போகிறவர்கள் வெட்டி எடுத்துக்கொண்டு போவார்கள்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகி,
சாத்தூர்