லாக் புக்கோடு பேரேட்டையும் எடுத்துக்கொள்ளுங்கள்

போர்க்கால விமானிகளின் ஆவணங்களைச் சேர்க்கும் அமெரிக்க அருங்காட்சியகங்களின், காப்பகங்களின் தேர்வுக் குழுவினருக்கு,

வணக்கம்.

உங்களில் ஒரு காப்பகம் சென்ற மாதம் ஒரு விமானியின் லாக் புக்கையும் பதக்கங்களையும் தோல் சட்டையையும் வாங்கிக்கொண்டு, போருக்குப் பின் அவர் நடத்திய கடையின் பேரேடுகளை, அதாவது அதே பெட்டியில் இருந்த கணக்குப் புத்தகங்களை, குடும்பத்திடமே திருப்பி அனுப்பிவிட்டது. போருக்குச் சம்பந்தமில்லாதவை என்று ஒரே வரியில் காரணம். பெயர் சொல்லவில்லை, சொன்னால் அந்த ஓர் இடத்தின் தவறாக மட்டும் தோன்றும். இத்தகைய பெட்டிகளைப் பிரித்து அடுக்கித் தரும் எங்களுக்கு இந்தப் பதில் பழகிப்போயிற்று. ஆகவே எல்லோரிடமும் சேர்த்தே கேட்கிறோம்: பேரேட்டையும் எடுத்துக்கொள்ளுங்கள்.

1973 ஜூலை 12 பற்றி உங்களுக்கு நாங்கள் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. படைவீரர்களின் கோப்புகள் இருந்த செயின்ட் லூயிஸ் பணியாளர் ஆவண மையத்தில் தீப்பிடித்து 1.6 முதல் 1.8 கோடி கோப்புகள் எரிந்தன. 1912 நவம்பர் முதல் 1960 ஜனவரி வரை தரைப்படையிலிருந்து விலகியவர்களின் கோப்புகளில் 80 சதவீதம் போயிற்று. இரண்டாம் உலகப் போரில் விமானப்படை விமானிகளும் அன்று தரைப்படைக் கணக்கில்தான் இருந்தார்கள். நகல் இல்லை, மைக்ரோஃபிலிம் இல்லை. வீட்டில் தப்பிய காகிதம்தான் பலருக்கு மிச்சம். அந்தக் காகிதத்தைக் கடைக் கணக்குக்குள் இருந்து எடுத்திருக்கிறோம்.

1944 ஜூன் 22இல் கையெழுத்தான ஜி.ஐ. பில் என்ற படைவீரர் உதவிச் சட்டம், வீட்டுக்கும் பண்ணைக்கும் மட்டுமல்ல, தொழிலுக்கும் கடன் உத்தரவாதம் தந்தது: கடனில் பாதி, உச்சம் 2,000 டாலர். படையில் இருந்ததற்கு ஆதாரம் காட்டாமல் அந்தக் கடன் கிடையாது. சேவை எண்ணும் விலகிய நாளும் உள்ள சான்றின் நகல், கடன் தாள்களோடு மடித்து முதல் பேரேட்டின் பின்னட்டையில் செருகிக் கிடக்கும். இன்னொன்றும் உண்டு. சொந்தத் தொழில் செய்தவரின் நிகர வருமானம் மாதம் 100 டாலருக்குக் குறைந்தால், குறைந்த தொகையை அதே சட்டம் ஈடுசெய்தது. 1946ஆம் வருடப் பேரேட்டில் மாதக் கடைசியில் வரவு 310, செலவு 242, நிகரம் 68 என்று கோடு போட்டு, ஓரத்தில் 32 என்று தனியே எழுதியிருந்தால், அந்த 32 படையில் இருந்தவர் என்ற உரிமையில் கேட்ட பணம். இதையா போருக்குச் சம்பந்தமில்லாதது என்கிறீர்கள்?

தாத்தாவின் கல்லறைக்கு அரசு தரும் கல்லுக்குப் பேத்தி விண்ணப்பிக்கிறாள். கோப்பு எரிந்துவிட்டது என்று பதில் வருகிறது. கூடவே ஒரு படிவம். எந்தப் பிரிவு, எந்த நாள், என்ன சேவை எண்? வீட்டில் யாருக்கும் தெரியாது. தெரிந்த ஒரே தாள், திருப்பி அனுப்பப்பட்ட பிறகு பழைய பேப்பரோடு போன பேரேட்டில் இருந்தது. இந்த நிலைக்கு ஒரு குடும்பத்தைக் கொண்டுவர நமக்கு உரிமை இல்லை.

இடம் இல்லை என்பது நியாயமான கவலைதான். எல்லாப் புத்தகமும் வேண்டாம். கடை தொடங்கிய முதல் ஐந்து வருடப் பேரேடுகளை முழுதாக வையுங்கள். பிறகு ஐந்து வருடத்துக்கு ஒன்று போதும். கடன் தாள்கள், உரிமம், கடை விற்ற பத்திரம் இவற்றில் ஒன்றையும் கழிக்க வேண்டாம். பெரும்பாலும் இரண்டு பெட்டிகளில் அடங்கிவிடும். ரப்பர் பேண்டையும் துருப்பிடித்த குண்டூசியையும் முதலில் எடுத்துவிடுங்கள். ரப்பர் உருகித் தாளில் ஒட்டினால் எழுத்தும் கூடவே உரியும். கார்பன் நகல்களை உடனே ஸ்கேன் செய்யுங்கள், தேய்ந்தால் அழியும். செருகியிருந்த தாளை எடுத்தால், எந்தப் பக்கத்தில் இருந்தது என்று பென்சிலால் குறித்துவிடுங்கள். லாக் புக் ஓரிடத்திலும் பேரேடு ஓரிடத்திலும் போனால், இரண்டும் ஒரே கை எழுதியது என்பதைக் காட்டவே வழி இருக்காது.

இரங்கல் குறிப்புகளிலும் இதே கதைதான். எட்டாம் விமானப்படையில் குண்டுவீச்சு விமானி பணி முடிக்கப் பறக்க வேண்டிய போர்ப் பறப்புகள் 25, பிறகு 30, பிறகு 35 என்று ஒவ்வொன்றாக எண்ணுகிறோம். அதற்குப் பின் நாற்பது வருடம் கடை திறந்தவரை "பின்னர் வணிகம் செய்தார்" என்று முடிக்கிறோம். 23 வயதில் விமானத்தை விட்டு இறங்கியவரின் மிச்ச வாழ்க்கைக்கு மூன்று சொல்லா? கோபம் வருகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

பேரேட்டையும் எடுத்துக்கொள்ளுங்கள் என்றுதான் மீண்டும் பணிவாகக் கேட்கிறோம். உங்கள் சேகரிப்பு விதிகளில் "தொழில் கணக்குகளும்" என்ற சொற்களைச் சேர்த்தால் போதும். திருப்பி அனுப்பிய பெட்டிகளின் பட்டியல் உங்களிடம் இருக்கும். அந்தக் குடும்பங்களுக்கு இந்த வாரமே ஒரு கடிதம் போடுங்கள். சில பெட்டிகளாவது இன்னும் பரணில் இருக்கலாம்.