திரும்பி வந்த மாணவியிடமிருந்து: செவிலியர் கல்லூரி முதல்வர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டுச் செவிலியர் கல்லூரிகளின் முதல்வர்களுக்கு,

வணக்கம். நான் பி.எஸ்சி. நர்சிங் படிக்கிறேன். என்னோடு சேர்ந்தவர்கள் இப்போது கடைசி ஆண்டில் இருக்கிறார்கள். நான் ஓராண்டு பின்னால் இருக்கிறேன். எந்தக் கல்லூரி என்று இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால், அது அந்த ஒரு கல்லூரியின் குறை என்று மற்றவர்கள் நிம்மதியாகிவிடுவீர்கள்.

மூன்றாம் செமஸ்டரில் நெஞ்சுநோய் வார்டில் போஸ்டிங், அதாவது பயிற்சிப் பணி. அது முடிந்து சில வாரங்களில் சாயங்காலமானால் காய்ச்சல் வந்தது. வலப்பக்கம் மூச்சு இழுத்தால் குத்தும். வார்டில் நின்று நின்று வந்த வலி என்று நானே முடிவு கட்டி, பாரசிட்டமால் போட்டுக்கொண்டு ட்யூட்டிக்குப் போனேன். கடைசியில் எக்ஸ்ரே எடுத்தபோது நுரையீரலைச் சுற்றி நீர் கோத்திருந்தது.

அந்த நீரை எடுக்க என்னை உட்கார வைத்த ஸ்டூலை எனக்கு நன்றாகத் தெரியும். அதற்கு முந்தைய மாதம் அதே மாதிரி ஸ்டூலில் உட்கார்ந்த ஒரு தாத்தாவை முன்பக்கம் சாய்த்துத் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றவள் நான். இப்போது என் தோளை வேறொரு மாணவி பிடித்திருந்தாள், அவள் கை நடுங்கியது. வெளியே வந்தது வைக்கோல் நிறத் திரவம், முக்கால் லிட்டர். புத்தகத்தில் எழுதியிருக்கிற நிறமேதான். அந்த வலியிலும் 'சரியாத்தான் எழுதியிருக்காங்க' என்று நினைத்தது ஞாபகம் இருக்கிறது.

நுரையீரல் உறையில் வந்த காசநோய் என்றார்கள். மருந்து தொடங்கி மூன்றாம் வாரம் வாந்தி, கண் மஞ்சள். மாத்திரைகளே ஈரலைப் பாதித்துவிட்டன. எல்லாவற்றையும் நிறுத்தி, ரத்தப் பரிசோதனை அளவுகள் இறங்கியபின் ஒவ்வொரு மருந்தாகத் திரும்பக் கொடுத்தார்கள். காசநோய் மருந்துகளில் ஒன்றான ரிஃபாம்பிசின் சாப்பிட்டால் சிறுநீர் ஆரஞ்சாகப் போகும், நோயாளியிடம் முன்பே சொல்லிவைக்க வேண்டும் என்று பார்மகாலஜி தேர்வில் இரண்டு மதிப்பெண்ணுக்கு எழுதியவள்தான் நான். இருந்தும் முதல் நாள் பாத்ரூமில் பயந்துபோய் நின்றேன்.

நோய் இவ்வளவுதான். ஆறு மாத மருந்து, இடையில் நின்றதையும் சேர்த்து எட்டு மாதம் ஆயிற்று, முடிந்தது. அதற்குப் பிறகு நடந்ததுதான் இந்த மடலுக்குக் காரணம்.

நோய் தெரிந்த அன்றே ஹாஸ்டலைக் காலி செய்யச் சொன்னார்கள். "ஊருக்குப் போய் நல்லாகி வாம்மா" என்றார் வார்டன், அன்பாகத்தான். ஆனால் நுரையீரலுக்குள் நோய் இல்லாமல் உறையில் மட்டும் இருந்தால் அது பொதுவாக அடுத்தவருக்குத் தொற்றாது என்பதும், நுரையீரலில் இருந்தால்கூடச் சரியான மருந்து ஆரம்பித்துச் சில வாரங்களில் பரவும் தன்மை பெரும்பாலும் போய்விடும் என்பதும் நீங்கள் எங்களுக்கு நடத்திய பாடம். அந்தப் பாடத்தை எடுத்த மேடமே என் பெட்டியைத் தூக்கக் கிட்டே வர யோசித்தார். அவரைக் குறை சொல்லவில்லை. பயம் படிப்பைக் கேட்டுக்கொண்டு வருவதில்லை. ஆனால் நிர்வாகம் பயப்படலாமா?

உங்களில் சென்னையில் இருப்பவர்கள் சேத்துப்பட்டுப் பக்கம் அடிக்கடி போவீர்கள். அங்கே இருக்கிற தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் 1956-ல் தொடங்கியது. காசநோய் என்றால் தாம்பரம் சானடோரியம் மாதிரி ஓரிடத்தில் மாதக்கணக்கில் படுக்க வைக்க வேண்டும் என்று உலகமே நம்பிய காலம். சென்னையின் ஏழை நோயாளிகளில் ஒரு பாதியைச் சானடோரியத்திலும் இன்னொரு பாதியை அவரவர் நெரிசல் வீட்டிலும் வைத்து, ஒரே மருந்தை ஓராண்டு கொடுத்துப் பார்த்தார்கள். 1959-ல் முடிவு வெளியானது. வீட்டில் இருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவுக்குக் குணமானார்கள். அவர்களோடு ஒரே அறையில் படுத்த குடும்பத்தாருக்கு அதனால் நோய் கூடுதலாக வரவுமில்லை. உலகம் சானடோரியங்களைக் கைவிட அந்த முடிவும் ஒரு முக்கியக் காரணம். அந்த ஆய்வில் நோயாளி மாத்திரை சாப்பிடுகிறாரா என்று வீடு தேடிப் போய் எண்ணிப் பார்த்தவர்களில் செவிலியர்களும் உண்டு. நம் ஊர், நம் தொழில். இத்தனை ஆண்டு கழித்து நம் ஹாஸ்டலில்தான் அந்தச் செய்தி இன்னும் வந்து சேரவில்லை.

ஊரில் எட்டு மாதம். அப்பா சிவகாசியில் அச்சாபீஸில் கட்டிங் மெஷின் ஓட்டுகிறார். "டிபி வந்த பொண்ணு இனிமே ஆஸ்பத்திரி வேலைக்குப் போறதா?" என்று கேட்காத சொந்தக்காரர் இல்லை. அம்மா மட்டும் நான் நோட்டுப் புத்தகத்தை எடுக்கும்போதெல்லாம் பேசாமல் டிவியை அணைத்துவிடுவாள்.

திரும்பி வந்தேன். சிகிச்சை அளித்த டாக்டர் 'படிப்பைத் தொடரலாம்' என்று எழுதிக் கொடுத்திருந்தார். அது போதாது, 'எல்லாப் பணிக்கும் தகுதியானவர்' என்று வேண்டும் என்றார்கள். அதையும் வாங்கி வந்தேன். 'இரவுப் பணி உட்பட' என்ற வார்த்தை இல்லையாம். மூன்றாம் சான்றிதழுக்கு விருதுநகருக்கும் கல்லூரிக்கும் பஸ்ஸில் அலைந்தேன். அது வந்தபோது அந்த செமஸ்டர் தொடங்கி ஒரு மாதம் ஆகியிருந்தது, "இனி அடுத்த வருஷம்தாம்மா" என்றார்கள். நோய் எடுத்துக்கொண்டது எட்டு மாதம். ஃபைல் எடுத்துக்கொண்ட மாதங்களையும் சேர்த்தால்தான் கணக்கு சரியாக வரும். எழுதி முடித்த உள்மதிப்பீடு, போட்டு முடித்த போஸ்டிங் மணிநேரம் எதுவும் செல்லாது, மறுபடி முழுக் கட்டணம். எந்த விதிப்படி என்று கேட்டேன். யாரும் எந்தத் தாளையும் காட்டவில்லை. "இங்க எப்பவும் இப்படித்தான்" என்பது பதிலாகக் கிடைத்தது.

விதி என்ன சொல்கிறது என்று பிறகு நானே படித்தேன். இந்திய நர்சிங் கவுன்சில் தேர்வு எழுத 80 சதவீத வருகை கேட்கிறது. பட்டம் வாங்குவதற்குள் கிளினிக்கல் மணிநேரம், அதாவது வார்டில் செய்யும் பயிற்சி நேரம், 100 சதவீதம் முடித்திருக்க வேண்டும் என்கிறது. அதே விதிகள் இந்த நான்காண்டுப் படிப்பை முடிக்க அதிகபட்சம் 8 ஆண்டு தருகின்றன. நூறு சதவீதத்தில் எனக்குச் சண்டை இல்லை. ஊசி போடக் கற்றுக்கொள்ளாதவளிடம் யார் கையை நீட்டுவார்கள்? விட்ட மணிநேரத்தை லீவில், ஞாயிற்றுக்கிழமையில், எப்போது வேண்டுமானாலும் போட்டுத் தருகிறேன் என்கிறேன். நான் சலுகை கேட்கவில்லை. சட்டம் கொடுத்த எட்டாண்டை நீங்கள் ஏன் சுருக்குகிறீர்கள் என்றுதான் கேட்கிறேன்.

எனவே ஒன்றைச் செய்யுங்கள். உடம்பு முடியாமல் போகிற மாணவி எப்படித் திரும்பி வருவாள் என்பதை ஒரு தாளில் எழுதி நோட்டீஸ் போர்டில் ஒட்டுங்கள். எந்தச் சான்றிதழ், அதில் என்ன வாசகம், யாரிடம் கொடுப்பது, எத்தனை நாளில் பதில், முடித்த மணிநேரத்தில் எது நிற்கும், கட்டணம் எவ்வளவு என்பதெல்லாம் அதில் இருக்கட்டும். டிஸ்சார்ஜ் ஆகிற நோயாளிக்கு என்ன சாப்பிட வேண்டும், எப்போது மறுபடி வர வேண்டும் என்று எழுதிக் கொடுக்காமல் அனுப்பினால் நோயாளியின் பராமரிப்புக்காக நாங்கள் எழுதும் கேர் பிளானில் சிவப்பு மையால் கோடு போடுகிறீர்கள். என்னை வெறுங்கையோடுதானே அனுப்பினீர்கள்?

சான்றிதழில் 'தகுதி' என்ற ஒற்றைச் சொல்லுக்குப் பதிலாக, இந்த மாணவியால் எதைச் செய்ய முடியும், எதற்கு எத்தனை வாரம் பொறுக்க வேண்டும் என்று டாக்டரிடம் கேளுங்கள். மருத்துவப் படிப்பில் சேர்கிற மாற்றுத்திறனாளி மாணவர் விஷயத்தில் உச்ச நீதிமன்றம் 2024 அக்டோபரில் இதைத்தான் சொன்னது: குறைபாட்டின் சதவீதத்தை மட்டும் வைத்துத் தள்ளாதீர்கள், அவரால் படிப்பைத் தொடர முடியுமா என்று பாருங்கள் என்று. என் நிலைமை வேறு, அந்தத் தீர்ப்பு என்னைக் கட்டாது, தெரியும். கேள்வி என்னவோ அதேதான்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். நோய் எனக்கு அந்த வார்டிலிருந்துதான் வந்தது என்று என்னால் நிரூபிக்க முடியாது. ஆனால் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் செவிலியர் மாணவிகளிடம் நடத்தி 2011-ல் வெளியான ஆய்வு, அவர்களுக்குக் காசநோய்க் கிருமி தொற்றும் வேகம் பொதுமக்களுக்கு இருப்பதைவிடப் பல மடங்கு என்று காட்டியது. தங்கள் மாணவிகளையே சோதித்து, வந்ததை அப்படியே வெளியிட்ட அந்த நேர்மைக்குத் தலைவணங்குகிறேன். எங்களுக்கோ ஹெபடைடிஸ் பி ஊசி மூன்று தவணை ஒழுங்காகப் போடுகிறார்கள், நெஞ்சுநோய் வார்டுக்குப் போகும்போது மட்டும் துணி மாதிரி மெல்லிய மாஸ்க். சேர்க்கையின்போது எடுத்த எக்ஸ்ரேவுக்குப் பிறகு நெஞ்சை யாரும் பார்ப்பதே இல்லை.

இதை இப்போது எழுத ஒரு காரணம் இருக்கிறது. எங்கள் ஹாஸ்டலில் ஒரு ஜூனியர் பெண் மூன்று வாரமாக இருமுகிறாள். ராத்திரி தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு இருமுகிறாள், சத்தம் வெளியே கேட்கக்கூடாதென்று. எனக்கு நடந்ததை அவள் பார்த்திருக்கிறாள். போன வெள்ளிக்கிழமை அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப்போய்ச் சளி மாதிரி கொடுக்க வைத்தேன். முடிவு வருகிறவரை அறையில் மாஸ்க் போட்டுக்கொள், ஜன்னலைத் திறந்து வை என்று சொல்லியிருக்கிறேன், சொன்னபடி செய்கிறாள்.

நாளை முடிவு வரும். "இருக்குதுன்னு வந்தா மேடம்கிட்ட சொல்லணுமாக்கா?" என்று இன்று காலை மெஸ் வரிசையில் கேட்டாள். சொல்லத்தான் வேண்டும், அதில் எனக்குச் சந்தேகமில்லை. சொன்ன பிறகு என்ன நடக்கும் என்று அடுத்துக் கேட்டாள். அதற்குப் பதில் உங்களிடம்தான் இருக்கிறது.

இப்படிக்கு,
மூன்றாம் ஆண்டு மாணவி ஒருத்தி