ராமானுஜனின் இன்னோர் எண்

ஆசிரியருக்கு வணக்கம்.

தேசியக் கணித நாளுக்கு நீங்கள் வெளியிட்ட பக்கத்தைப் படித்தேன். இந்த முறையும் அதே 1729, அதே டாக்ஸி கதை: கணிதவியலாளர் ஹார்டி தான் வந்த டாக்ஸியின் எண் 1729 என்றதும், இரண்டு கன எண்களின் கூட்டலாக இரு விதத்தில் எழுதக்கூடிய மிகச் சிறிய எண் அது என்று ராமானுஜன் சொன்ன கதை. நல்ல கதைதான். ஆனால் அதைப் படிக்கும் பிள்ளைகள், எண்ணைப் பார்த்ததும் பளிச்சென்று பதில் சொன்னவர் ராமானுஜன் என்றே நினைத்துக்கொள்கிறார்கள். உட்கார்ந்து அவர் செய்த வேலை கண்ணில் படுவதில்லை.

அதைக் காட்டும் எண் ஒன்று இருக்கிறது: 67,46,32,83,88,800. கிட்டத்தட்ட ஆறேமுக்கால் லட்சம் கோடி. இதற்கு 10,080 காரணிகள். இதைவிடச் சிறிய எந்த எண்ணுக்கும் இத்தனை கிடையாது. இப்படித் தனக்கு முந்தைய எல்லா எண்களையும் காரணிகளில் மிஞ்சும் எண்களைப் பற்றி, 1915இல் லண்டன் கணிதச் சங்கத்தின் இதழில் நீண்ட கட்டுரை எழுதினார். மறு ஆண்டு கேம்பிரிட்ஜில் பட்டம் கிடைத்தது இந்த ஆய்வுக்காகத்தான். நமக்குப் பழகிய 12, 60, 360 எல்லாம் இதே வகைதான். நூறு எண்களைத் தாண்டிப் போகும் அவர் பட்டியல் மேலே சொன்ன எண்ணில் முடிகிறது.

பத்தாம் வகுப்புப் பிள்ளையே இதைச் சரிபார்க்கலாம். பகாக் காரணிகளாகப் பிரித்தால் 2 ஆறு முறை, 3 நான்கு முறை, 5, 7 இரண்டிரண்டு முறை, அப்புறம் 11, 13, 17, 19, 23 ஒவ்வொரு முறை. ஒவ்வோர் அடுக்கோடும் 1 கூட்டிப் பெருக்கினால், 7×5×3×3×2×2×2×2×2. சரியாக 10,080! அடுக்குகள் எங்கேயும் ஏறவில்லை, பாருங்கள். 5இன் அடுக்கு 3இன் அடுக்கைவிடப் பெரிதாக இருந்தால், இரண்டையும் மாற்றிப் போட்டுவிடலாம். காரணிகள் குறையாது, எண் சிறிதாகிவிடும். இந்த வகை எண்களில் 4, 36 இரண்டைத் தவிர மற்ற எல்லாவற்றிலும் கடைசிப் பகா எண்ணின் அடுக்கு 1 தான் என்றும் நிரூபித்தார். எவ்வளவு அழகான வேலை!

அவர் பட்டியலில் 2,93,31,86,25,600 என்ற எண் விட்டுப்போயிற்று. அதை 23ஆல் பெருக்கினால் வருவது அதே கடைசி எண். இதையும் தயங்காமல் எழுதுங்கள். கையால் போட்ட கணக்கு என்பது பிள்ளைகளுக்குப் புரியட்டும்.

சங்கத்தின் பணநெருக்கடியால் அந்தக் கட்டுரையின் ஒரு பகுதி அப்போது அச்சாகவில்லை, 1997இல்தான் வெளிவந்தது. அடுத்த டிசம்பர் 22க்கு அதைப் பற்றிக் கணிதப் பேராசிரியர் ஒருவரிடம் கட்டுரை கேட்டு வாங்கிப் போடுங்கள்.

ஓய்வுபெற்ற கணித ஆசிரியர்,
திருவாரூர்.